ஆண்டர்சன் தெரு அட்டையும் என் 30 எபி காதல் கதையும்

நான் கதை எழுதிப் பிழைக்கிறவள். மாத நாவலும் எழுதுவேன், இணையத்தில் வாரம் மூன்று எபியும் (எபிசோடு, அதாவது அத்தியாயம்) போடுவேன். எல்லாம் காதல் கதைதான். போன வருடம் ஒரு கதையில் 18ஆவது எபி போட்டதும் வாசகிகள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஹீரோ ஏன் இப்படிப் பண்றான்?" என்னிடம் பதில் இல்லை. கதை முழுவதையும் நாயகியின் பக்கமிருந்தே யோசித்திருந்தேன். அந்தக் கேள்வி பல நாள் மனதை அறுத்தது.

அதன் பிறகுதான் காட்சிகளைத் திட்டமிட நோட்டை விட்டு அட்டைக்கு மாறினேன். முதலில் வாங்கிய ரெடிமேட் கார்டு மெல்லிசு. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் தெரிந்தது. எனக்கோ இரண்டு பக்கமும் வேண்டும். முன்பக்கம் நாயகிக்கு, பின்பக்கம் நாயகனுக்கு. அதனால் சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கன அளவு) ஐவரி அட்டை வாங்கி, 5க்கு 3 அங்குலமாக அங்கேயே வெட்டிக்கொண்டேன். 23க்கு 36 அங்குலத் தாள் ஒன்றில் 49 அட்டை வரும். ஆறு தாளுக்கு 294. நான் வாங்கியபோது தாள் 25 ரூபாய், வெட்டுக்கூலி தனி.

அட்டை அருமை. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலும் பின்னால் தெரிவதில்லை. பளபளப்பான ஆர்ட் கார்டை வாங்கிவிடாதீர்கள். ஜெல் பேனா மை காய்வதற்குள் கையில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது எழுதும் கதையில் நாயகி சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் குடும்பம். அவன் வங்கி அதிகாரி. அவள் அப்பாவின் வீட்டுக்கு ஏல நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவனே அவன்தான். அவளுக்கு அது 22ஆவது எபியில்தான் தெரியும், அவனுக்கோ மூன்றாவது எபியிலேயே தெரியும். நடுவில் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் அட்டை. முன்பக்கம், அந்த நேரத்தில் அவளுக்கு என்ன வேண்டும். பின்பக்கம், அவன் எதைச் சொல்லாமல் விழுங்குகிறான். ஐந்து வரிக்கு மேல் இடம் கிடையாது. கோயில் திருவிழாக் காட்சி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் காலி. அவன் சும்மா நின்றுகொண்டிருந்தான். மனசே இல்லாமல் எடுத்துவிட்டேன். அப்புறம் அதே இடத்தில், அவள் அப்பா அவனுக்குக் காப்பி கொடுத்து உட்காரச் சொல்லும் காட்சி வந்தது. அந்த அட்டையின் பின்பக்கம் ஐந்து வரியும் நிறைந்துவிட்டது.

வெட்டியதுபோக ஒவ்வொரு தாளிலும் 2 அங்குலத் துண்டு மிஞ்சும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா, அத்தை, அண்ணன் என்று ஆளுக்கொரு துண்டு. இந்தக் கல்யாணம் நடந்தால் அவருக்கு என்ன போகும் என்று அதில் ஒரே வரி. நம் ஊர்க் காதலில் இரண்டு பேர் மட்டுமா இருக்கிறார்கள்? அத்தைக்கு எழுதியிருந்தது, "அண்ணன் வீடு தன் பையனுக்கு வரும் என்ற நம்பிக்கை." அதை எழுதின பிறகு அவளை வில்லியாக்க எனக்கு மனம் வரவில்லை.

குறையும் உண்டு. கட்டாக வைத்து வெட்டுவதால் அடியிலிருந்த பத்துப் பன்னிரண்டு அட்டை கோணலாக வந்தன. முதல் வெட்டிலேயே ஓர் அட்டையை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஆறு தாளும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம், பையோடு போங்கள். ஃபேன் காற்றில் ஒருமுறை 40 அட்டை தரையில் கலைந்து, வரிசை கட்ட ஒரு மாலை போனது. இப்போது மூலையில் பென்சிலால் எண் போடுகிறேன். பேனா வேண்டாம், வரிசை மாறிக்கொண்டே இருக்கும். ரப்பர் பேண்டும் வேண்டாம், ஓரம் மடங்கும். ஸ்வீட் டப்பா போதும்.

தினமும் ஒரு யூடி (அப்டேட், அதாவது புது எபி) போடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. எனக்கே அட்டை எழுதி முடிக்க 12 நாள் ஆனது. அதற்குள் ஒரு வரிகூடக் கதை எழுதவில்லை. வாரத்துக்கு மூன்று போடுகிறவர்கள் தாராளமாக முயலலாம். உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.