தீவுப் பயணங்களில் டாலர் கார்டு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

முன்கூட்டியே டாலர் ஏற்றி வெளிநாட்டில் பயன்படுத்தும் ஃபாரெக்ஸ் கார்டு மாலத்தீவுக்கு நன்றாகப் பொருந்துகிறது, இலங்கைக்குப் பொருந்தவில்லை. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சென்றுவிடலாம், அங்கேயே விமானம் மாறி மாலத்தீவின் தலைநகரான மாலேவுக்கும் போகலாம் என்பதால், சில ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தின் விடுமுறைகள் இவ்விரு நாடுகளைச் சுற்றியே அமைகின்றன. ஒரே கார்டை இரண்டு இடங்களிலும் தேய்த்துப் பார்த்த பிறகு நான் வந்தடைந்த முடிவு இது.

இலங்கையில் ஏன் பொருந்தவில்லை என்பதற்குக் காரணம் எளிது. நம் ரூபாயைக் கொடுத்து டாலர் ஏற்றும்போதே ஒரு முறை மாற்று விகிதத்தில் இழக்கிறோம். அந்த டாலர் கொழும்பில் இலங்கை ரூபாயாக மாறும்போது, கார்டு வழங்கிய வங்கி வேற்று நாணயக் கட்டணம் என்று இன்னொரு முறை பிடித்துக்கொள்கிறது. என் கார்டில் அது 3.5 சதவீதம். சாதாரண சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டிலும் 3.5 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 சதவீதம்தான் போகிறது. அப்படியிருக்க, தனியாக ஒரு கார்டு வாங்கிப் பணம் ஏற்றி வைத்திருப்பதில் என்ன ஆதாயம் என்று எனக்குப் புரியவில்லை.

எனவே இலங்கைக்குச் செல்லும்போது டாலர் நோட்டுகளையே கொண்டுசெல்கிறேன். மதுரையில் உரிமம் பெற்ற நாணய மாற்று முகவரிடம் வாங்கும்போது, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகச் செலுத்த முடியாது. வங்கிக் கணக்கிலிருந்துதான் செலுத்த வேண்டும். நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை கொண்டுசெல்லலாம். ஒரு லட்சம் ரூபாய்க்கு மாற்றினால் ஜிஎஸ்டி 180 ரூபாய்தான் என்பதால், பேரம் பேச வேண்டியது வரியைப் பற்றியன்று, விகிதத்தைப் பற்றித்தான். கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இல்லாத நோட்டுகளாகப் பார்த்துக் கேட்டு வாங்குவதும் முக்கியம்.

கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் வங்கிகளின் முகப்புகள் வரிசையாக இருப்பதால், விகிதப் பலகைகளை ஒப்பிட்டு அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். முழுத் தொகையையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், இரண்டு மூன்று நாள் செலவுக்கு மட்டும் மாற்றுவது என் வழக்கம். 2022 நெருக்கடியின்போது டாலருக்கு ஏறக்குறைய 200 ஆக இருந்த இலங்கை ரூபாய் சில மாதங்களிலேயே 360 வரை சரிந்ததைக் கண்டவர்களுக்கு இந்த எச்சரிக்கை மிகையாகத் தோன்றாது. 5,000 ரூபாய்த் தாளுக்கு ஆட்டோவிலும் பஸ்ஸிலும் சில்லறை கிடைப்பது அரிது. அதைப் பல்பொருள் அங்காடியில் முதலில் உடைத்துவிட வேண்டும். ஆட்டோக் கட்டணத்துக்கு, வண்டி அழைக்கும் பிக்மீ செயலி போதும். 2024 பிப்ரவரி 12 முதல் யுபிஐயும் இலங்கையில் செயல்படுகிறது. கொழும்பின் பெரிய கடைகளில் எனக்கு அது உதவியது, கடற்கரை ஓரத்துச் சிறிய கடைகளில் உதவவில்லை. தொல்பொருள் தலங்களில் வெளிநாட்டவருக்கான கட்டணம் கணிசமானது என்றாலும், இந்தியா உள்ளிட்ட தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு. பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுச் சென்றால் அது கிடைக்காது.

மாலத்தீவில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே தங்குமிடம், விரைவுப் படகு, கடலுக்குள் அழைத்துச் செல்லும் சுற்றுலா என எல்லாவற்றுக்கும் விலை டாலரிலேயே சொல்லப்படுகிறது. கார்டிலும் டாலர், பில்லிலும் டாலர் என்பதால் இடையில் யாரும் எதையும் பிடிப்பதில்லை. ஏற்றிய நாளின் விகிதமே கடைசி வரை நிற்பதால், ஊரிலேயே போட்ட கணக்கு அங்கே மாறுவதில்லை. கார்டு தேய்க்கும் கருவி எந்த நாணயத்தில் கழிக்கட்டும் என்று கேட்டால் டாலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்திய ரூபாயைத் தொட்டால் கடைக்காரரின் வங்கி தன் விருப்பப்படி ஒரு விகிதத்தைப் போட்டுவிடும்.

ஆனால் அறிவிக்கப்படும் விலை கொடுக்கப்போகும் விலை அன்று. 100 டாலர் என்று போட்டிருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்து 110 ஆகி, அதன்மேல் 2025 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 17 சதவீதச் சுற்றுலா வரியும் சேர்ந்து 128 டாலர் 70 சென்ட் ஆகிறது. இதற்கு அப்பால் பசுமை வரி தனி. 2025 ஜனவரி முதல் அது ரிசார்ட்டுகளில் தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், உள்ளூர்த் தீவுகளின் சிறிய விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். நால்வர் கொண்ட குடும்பம் நான்கு இரவு விருந்தினர் இல்லத்தில் தங்கினால் இவ்வரி மட்டுமே 96 டாலர் ஆகிறது. முன்பதிவு செய்யும்போதே எல்லா வரிகளும் சேர்ந்த தொகையை எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுத்தான் மேற்கொண்டு நான் பேசுகிறேன்.

ஃபாரெக்ஸ் கார்டின் பெரிய குறை முன்வைப்புத் தொகையில்தான் வெளிப்பட்டது. ஒரு தங்குமிடத்தில் அறைக்குள் நுழையும்போதே கார்டிலிருந்து ஒரு தொகையை நிறுத்திவைத்தார்கள். புறப்படும்போது விடுவித்துவிட்டதாகச் சொன்னார்கள். கார்டுக்கு அது திரும்பி வரச் சில வாரங்கள் ஆயின. கிரெடிட் கார்டில் இப்படி நிறுத்தினால் வரம்புதான் சற்றுக் குறையும். இதிலோ கையில் இருக்கும் பணமே முடங்கிவிடுகிறது. அதன்பின் முன்வைப்புக்குக் கிரெடிட் கார்டு, இறுதி பில்லுக்கு ஃபாரெக்ஸ் கார்டு என்று பிரித்துக்கொண்டேன். அதே கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் நுழைப்பதில்லை. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

அன்றாடச் செலவுக்கு மாலத்தீவின் நாணயமான ருஃபியா தேவைப்படுகிறது. அதிகாரபூர்வ விகிதம் டாலருக்கு 15.42, டாலர் நோட்டை நீட்டினால் 15 என்று வைத்துக் கணக்கிடும் கடைகள் உண்டு. தேநீர்க் கடைக்கும் அரசுப் படகுக்கும் போதுமான அளவே மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனெனில் மிஞ்சிய ருஃபியாவை மதுரையில் மாற்ற வழியில்லை. மாலேவிலிருந்து உள்ளூர்த் தீவான மாஃபுஷிக்கு விரைவுப் படகில் செல்லும் செலவில் மிகச் சிறு பங்கே அரசுப் படகுக்கு ஆகிறது. பயணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமைகளில் ஓடாத வழித்தடங்கள் உண்டு என்பதால், வந்திறங்கும் கிழமையைப் பார்த்தே விமானச் சீட்டு எடுக்க வேண்டும்.

மீனும் தேங்காயும் தவிர ஏறத்தாழ எல்லாமே கப்பலில் வந்திறங்கும் நாட்டில், சைவச் சாப்பாடு மலிவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். மனைவி கட்டிக்கொடுக்கும் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் இரவுச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றன. மைத்துனர் முதலில் இதைக் கேலி செய்தார். பில்லைப் பார்த்தபின் அவரும் சோறு மட்டும் வாங்கிவரச் சொன்னார். குடிநீர்தான் நாள் முழுதும் கரையும் செலவு. பெரிய கேன்களை ஊர்க்கடையில் வாங்கி அறையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஊர் திரும்பியதும் கார்டில் மிஞ்சும் டாலரை வங்கி குறைந்த விகிதத்தில்தான் திரும்ப எடுத்துக்கொள்கிறது. 2,000 டாலர் வரை கைவசம் வைத்திருக்க விதி இடமளிக்கிறது. அதற்கு மேற்பட்டதை 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். அடுத்த பயணம் மாலத்தீவுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே மிச்சத்தை விட்டுவைக்கிறேன். ஏனெனில் கார்டு நெடுநாள் சும்மா கிடந்தாலும் வங்கி ஒரு கட்டணத்தைக் கழிக்கிறது. கட்டணப் பட்டியலின் கடைசி வரிகளில்தான் அது இருக்கும்.