தாக்க மதிப்பீட்டு அறிக்கை: தடித்த தொகுதியா, மதிப்பெண் கட்டமா, மாற்றுவழி ஒப்பீடா?

அணை கட்டலாமா, சாலையை எந்தத் தடத்தில் போடலாம் என்று முடிவெடுப்பவரின் மேசைக்கு வரும் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, அதாவது அந்தத் திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கும் மக்களுக்கும் என்ன நேரும் என்று சொல்லும் அறிக்கை, பெரும்பாலும் மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கும். துறைவாரி ஆய்வுகளை அடுக்கிக் கட்டிய தடித்த தொகுதி ஒன்று. தாக்கங்களுக்கு மதிப்பெண் போட்ட கட்டம் இன்னொன்று. மாற்று வழிகளை எதிரெதிரே வைத்து எழுதிய சிறிய அறிக்கை மூன்றாவது. என் வாக்கு மூன்றாவதற்குத்தான்.

தடித்த தொகுதி பயத்தில் பிறக்கிறது. நாளைக்கு வழக்கு வந்தால் எதையும் விடவில்லை என்று காட்ட வேண்டுமே! பயம் நியாயமானதுதான், ஆனால் அது பக்கங்களைப் பெருக்கிவிடுகிறது. அமெரிக்காவில் இத்தகைய அறிக்கைகளுக்காக 1978-இல் வந்த அரசு விதிகள், அறிக்கை வழக்கமாக 150 பக்கத்துக்குள், சிக்கலான திட்டமென்றால் 300 பக்கத்துக்குள் இருக்கட்டும் என்றன. 2013 முதல் 2018 வரையிலான இறுதி அறிக்கைகளை எண்ணிப் பார்த்தால் சராசரி 661 பக்கம். 2023-இல் அந்த வரம்பைச் சட்டத்திலேயே எழுத வேண்டியதாயிற்று. தொகுதி வேண்டும்தான், அதன் இடம் பின்னிணைப்பு.

மதிப்பெண் கட்டத்தின் மூத்த மாதிரி, 1971-இல் அமெரிக்க நீரியல் அறிஞர் லூனா லியோபோல்டும் உடன் பணியாற்றியவர்களும் அமைத்தது. ஒரு பக்கம் 100 செயல்கள், இன்னொரு பக்கம் 88 சுற்றுச்சூழல் கூறுகள், ஆக 8,800 கட்டங்கள். பொருந்தும் கட்டத்தில் குறுக்குக் கோடிட்டு, தாக்கத்தின் அளவுக்கும் முக்கியத்துவத்துக்கும் 1 முதல் 10 வரை எண் போடுவார்கள். எதையும் மறக்காமல் இருக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. சிக்கல் அதைக் கூட்டும்போது வருகிறது. இரைச்சலுக்கு 6, வீடிழப்புக்கு 6 என்றால் இரண்டும் சமமா? எந்த இரு கட்டங்களும் துல்லியமாகச் சமமல்ல என்று அதை அமைத்தவர்களே எழுதி வைத்தார்கள். இருந்தும் கடைசிப் பக்கத்தில் ஒற்றை மொத்த மதிப்பெண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எது முக்கியம் என்ற தீர்ப்பை, எண் போட்டவர் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார் என்பதே அதற்குப் பொருள். அது முடிவெடுப்பவரின் வேலை.

சரி, மூன்றாவது வடிவம். அந்த 1978 விதிகளே மாற்று வழிகள் பற்றிய பகுதியைத்தான் அறிக்கையின் இதயம் என்றன. தடம் அ, தடம் ஆ, எதுவும் செய்யாமல் விடுவது என்று மூன்றையும் ஒரே அளவுகோலில் வைக்கும்போது வாக்கியங்களே மாறிவிடும். ‘நீர்வளத்தின் மீது மிதமான பாதகத் தாக்கம் எதிர்பார்க்கப்படுகிறது’ என்று எழுதிவிட்டு நழுவ முடியாது. ‘தடம் அ-வில் போனால் கோடையில் ஏரிக்கரைக் கிணறுகள் வற்ற வாய்ப்பு அதிகம், ஆ-வில் அந்த ஆபத்து இல்லை, ஆனால் 40 வீடுகள் இடம்பெயர வேண்டும்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். யார் எதை இழக்கிறார், எந்தப் பருவத்தில், தணிப்பு நடவடிக்கைக்குப் பிறகு எவ்வளவு எஞ்சும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ‘வாய்ப்பு அதிகம்’ என்பதற்கும் பொருள் வரையறுத்துவிடுங்கள். பருவநிலை மாற்றத்துக்கான ஐநா அறிவியல் குழுவின் அறிக்கைகளில் ‘மிகவும் சாத்தியம்’ என்றால் 90 சதவீதத்துக்குக் குறையாத வாய்ப்பு.

இந்த வடிவத்திலும் ஏமாற்று வேலை நடக்கலாம். முன்பே தேர்ந்துவிட்ட திட்டத்துக்குத் துணையாக, யாரும் ஏற்க முடியாத இரண்டு பொம்மை மாற்றுகளை நிறுத்திவிட்டால் ஒப்பீடு வெறும் சடங்கு. அதனால் ஒவ்வொரு மாற்றும் ஏன் பட்டியலில் வந்தது, எவை ஏன் கழிக்கப்பட்டன என்பதை அறிக்கையின் முன்பகுதியிலேயே சொல்ல வேண்டும்.

சுருக்கத்தைக் கடைசி ராத்திரியில் வெட்டி ஒட்டுவதையும் நிறுத்துங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் எளிய மொழிச் சுருக்கம் சட்டப்படியே கட்டாயம். முதல் இரண்டு பக்கங்களை முதலில் எழுதி, திட்டத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுங்கள். எந்த வழியில் எதை இழக்கிறோம் என்று கேளுங்கள். பதிலுக்காக அவர் பின்னிணைப்பைப் புரட்டினால், அந்த இரண்டு பக்கங்களையும் மறுபடி எழுதுங்கள்.