கடனட்டை: சம்பளக் காசுக்குச் சரி, வயல் காசுக்குச் சரிவராது

கிளிநொச்சியில் ஒரு வங்கிக் கிளையில் எடுத்த கடனட்டையைப் பாவிக்கிறேன். நான் ஆசிரியை, மாதச் சம்பளம். இவர் முரசுமோட்டையில் வயல் செய்கிறார். மாதாமாதம் வரும் காசும் போகத்துக்கு ஒருக்கால் வரும் காசும் எங்கள் வீட்டில் இருப்பதால், இரண்டுக்கும் இந்த அட்டை எப்படி என்று சொல்லலாம்.

எடுக்கப் போனபோது கிளையில் இருந்த பெடியன், "டீச்சர், மாதத்துக்கு ரெண்டு வீதம் சொச்சம்தான்" என்றான்.

"வருசத்துக்கு எவ்வளவு, தம்பி?"

"இருபத்தாறு."

"கட்டாமல் விட்டால் வட்டிக்கும் வட்டி வருமோ?"

"ஓம், அடுத்த பில்லோட சேரும்."

மறைக்காமல் சொன்னான், அது பிடித்தது. ஆனால் கேட்டபிறகுதான் சொன்னான். 26ஐ 12ஆல் பிரித்தால் மாதம் 2.17. அது மாதாமாதம் முதலோடு சேர்ந்தால் வருச முடிவில் 29.3 வீதம் ஆகிறது. எங்கள் பக்கம் "மூன்று வட்டி" என்றால் நூறு ரூபாவுக்கு மாதம் 3 ரூபா, வருசத்துக்கு 36. அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு 2.17 மலிவாகத்தான் கேட்கும்.

காலபோகத்தை எடுங்கள். மழையோடு விதைத்து மாசி, பங்குனியில் வெட்டுவோம். பசளைக்கும் கிருமிநாசினிக்கும் ஒரு லட்சம் நாலு மாதம் நின்றால் மூன்று வட்டிக்கு 12,000 ரூபா. அட்டையில் 8,950 அளவில். வட்டியை மட்டும் பார்த்தால் அட்டைதான் திறம். ஆனால் ஊரில் வட்டிக்குத் தருபவர் வெட்டு முடியும்வரை பொறுப்பார். அட்டைக்கு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை கட்டவேண்டும், தவறினால் தாமதக் கட்டணம் வேறு. கதிர் பறியாத வயலில் இருந்து அந்தக் காசு எங்கே வரும்? பழைய பில்லில் கட்டாத மிச்சம் நின்றால் புதிதாக வாங்கும் சாமானுக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது. ஏடிஎம்மில் காசு எடுத்தால் அன்றைக்கே வட்டி தொடங்கும், கட்டணமும் உண்டு. கூலிக்காசுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

வயலுக்கு வங்கியில் நகை அடைவு நல்லது. 2023 ஓகஸ்ட்டில் மத்திய வங்கி அடைவுக்கு 18, கடனட்டைக்கு 28 என்று மேல் எல்லை போட்டது. 18 என்றே வைத்தாலும் நாலு மாதத்துக்கு 6,000தான். 2022இல் அட்டை வட்டி 36 வரை ஏறினது, அதையும் மறக்கக்கூடாது. இன்றைய வீதம் நாளைக்கும் நிற்கும் என்று கணக்குப் போடவேண்டாம்.

சம்பளக்காரருக்கு இது உண்மையிலேயே உதவி. வங்கி மாதாமாதம் கணக்கு முடித்துப் பில் போடும் திகதிக்கு அடுத்த நாள் வாங்கினால் ஒன்றரை மாதத்துக்கு மேல் வட்டியில்லை. பில்லுக்கு முதல்நாள் வாங்கினால் மூன்று கிழமை அளவுதான். பிள்ளைகளின் சப்பாத்து, கொப்பி எல்லாம் அந்தத் திகதி பார்த்து வாங்கி, சம்பளம் வந்ததும் முழுதாகக் கட்டுகிறேன். வட்டி ஒரு சதமும் இல்லை.

வங்கிக்கு ஒரு வேண்டுகோள்: மாத வட்டிக்குப் பக்கத்தில் வருச வட்டியையும் அதே அளவு எழுத்தில், தமிழில் போடுங்கள்.