மூக்கு சர்ஜரி கன்சல்டேஷன், கோவைல ரெண்டு இடம்: ஸ்கோலின் ஆகாதவங்களுக்காக ஒரு ரிவ்யூ

மூக்கு சர்ஜரிக்கு ரிவ்யூ தேடினா எல்லாமே முன்னாடி பின்னாடி ஃபோட்டோவும் "டாக்டர் ரொம்ப ஃப்ரெண்ட்லி"யும் தான் வருது. எனக்கு வேண்டியது அதுல எங்கயும் இல்ல, அதான் நானே எழுதறேன். கோவைல ரெண்டு இடத்துல போய் பாத்தேன். ஒண்ணு மெயின் ரோட்ல இருக்கிற காஸ்மெட்டிக் க்ளினிக், இன்னொண்ணு ஒரு பெரிய ஆஸ்பத்திரியோட பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி. ரெண்டு பேரையும் சொல்லல. எனக்கு சூடோகோலினெஸ்டரேஸ் குறைபாடு இருக்கு, பிறவிலயே வந்தது, ஜீன்ல இருக்கிறது. அத சொன்னதும் ரெண்டு இடத்துலயும் என்ன பண்ணாங்கங்கிறத வச்சு தான் மார்க் போட்டிருக்கேன்.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். ஆபரேஷன்ல தொண்டைக்குள்ள ட்யூப் போட தசையெல்லாம் தளரணும், அதுக்கு ஸ்கோலின்னு ஒரு ஊசி இருக்கு, சக்சினைல்கோலின்னு முழு பேரு. ஒரு நிமிஷத்துல வேலை செய்யும், அஞ்சு பத்து நிமிஷத்துல தானா இறங்கிடும். ஏன் இறங்குதுன்னா ரத்தத்துல இருக்கிற சூடோகோலினெஸ்டரேஸ்ங்கிற என்சைம் அத உடைச்சிடும். எங்களுக்கு அந்த என்சைம் இல்ல, இல்லன்னா இருந்தும் பேருக்கு தான். அதனால அஞ்சு நிமிஷத்துல போக வேண்டியது மணிக்கணக்குல நிக்கும், அவ்வளவு நேரமும் சொந்தமா மூச்சு விட முடியாது, கை கால் அசைக்க முடியாது. வென்டிலேட்டர் வச்சு, தூக்க மருந்தும் விடாம கொடுத்து, தானா தெளியுற வரைக்கும் காத்திருந்தா ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. வென்டிலேட்டர் இல்லாத இடமா இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இன்னும் கொடுமை என்னன்னா மயக்கம் தெளிஞ்சு தசை மட்டும் தெளியாம இருந்தா, உள்ள முழிப்பு இருக்கும், வெளிய கண்ணு கூட திறக்க முடியாது.

இத விட்டா வேற எந்த தொந்தரவும் கிடையாது. சாப்பிடறது, வேலைக்கு போறது, குழந்தை பெத்துக்கிறது எல்லாம் எல்லார மாதிரி தான். அதனாலயே ஆபரேஷன் டேபிள்ல படுக்கிற வரைக்கும் இருக்குன்னே தெரியாது.

எங்க வீட்ல இது தெரிய வந்ததே பெரியப்பாவோட குடலிறக்கம் ஆபரேஷன்ல தான். காலைல உள்ள போனவரு சாயந்திரம் வரைக்கும் வெளிய வரல, "மூச்சு இன்னும் சரியா எடுக்கல, மெஷின்ல வச்சிருக்கோம்"னு மட்டும் சொன்னாங்க, பெரியம்மா வராண்டால உக்காந்து அழுதுட்டே இருந்தாங்க. ராத்திரி தான் கண்ணு முழிச்சாரு. அங்க இருந்த மயக்க டாக்டர் ரொம்ப விவரமானவரு, "நீங்க ஆரிய வைசியாவா"ன்னு கேட்டுட்டு, வீட்ல எல்லாரையும் டெஸ்ட் பண்ண சொன்னாரு. ஜாதிய ஏன் கேக்கறாருன்னு அப்ப வீட்ல சிலருக்கு கோவமே வந்துச்சு. ஆனா அவரு கேட்டது சரியான கேள்வி. நம்ம கோவை பாரதியார் யுனிவர்சிட்டி ஆளுங்க எங்க சமூகத்துல ரத்தம் எடுத்து பாத்து 2006ல வெளியிட்ட ஆய்வுல 24 பேருக்கு 1 ஆளுக்கு இந்த என்சைம் வேலையே செய்யலன்னு வந்திருக்கு. ஐரோப்பா அமெரிக்கால அது லட்சத்துல ஒருத்தர் கணக்கு. பல தலைமுறையா உள்ளுக்குள்ளயே கட்டி, மாமன் பொண்ணு அத்தை பையன்னு முடிச்சதுல, எங்கயோ ஒரு மூத்தவர்கிட்ட இருந்த ஜீன் மாற்றம் இத்தனை வீட்டுக்கு வந்து நிக்குது. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொரு காப்பி இருந்தா பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. எனக்கு அந்த ஒண்ணு விழுந்துருச்சு.

சரி க்ளினிக்குக்கு வரேன். முதல் இடம் பாக்க அவ்வளவு அழகா இருக்கு, ஏ.சி., காபி, உக்காந்த உடனே கூப்பிட்டாங்க. கம்ப்யூட்டர்ல என் முகத்த போட்டு மூக்கு மேல இருக்கிற மேட்ட எடுத்தா எப்படி இருக்கும்னு காட்டினாங்க, உண்மைய சொல்றேன், அத பாத்ததும் உடனே பண்ணிக்கணும்னு தான் தோணுச்சு, சின்ன வயசுலருந்து எந்த ஃபோட்டோவுக்கும் பக்கவாட்டுல நிக்காத பொண்ணு நான். சர்ஜன் நல்லா பேசினாரு, கை தேர்ந்தவரு தான், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா ஃபார்ம்ல சுகர், பி.பி., அலர்ஜி இதுக்கெல்லாம் கட்டம் இருக்கு, "குடும்பத்துல யாருக்காச்சும் மயக்க மருந்துல பிரச்சனை வந்திருக்கா"ங்கிற கேள்வி இல்ல. நானே ரிப்போர்ட்ட எடுத்து நீட்டினேன். மேலோட்டமா பாத்துட்டு "இது லோக்கல், அதாவது அந்த இடம் மட்டும் மரத்துப் போற ஊசி கொடுத்து லேசா தூங்க வச்சு பண்றதும்மா, ஜி.ஏ.ங்கிற முழு மயக்கம் இல்ல, உங்களுக்கு இது சம்பந்தமே இல்ல"ன்னு திருப்பி கொடுத்துட்டாரு.

இங்க தான் எனக்கு ஒத்துக்கல. லோக்கலுக்கு போடற லிக்னோகெய்ன லிவர் தான் உடைக்குது, அதனால அது எங்களுக்கு ஆகும், அந்த வரைக்கும் அவரு சொன்னது சரி. ஆனா மூக்கு ஆபரேஷன்ல ரத்தம் பின்பக்கமா தொண்டைக்கு இறங்கும். அரை தூக்கத்துல இருக்கிறவங்களுக்கு அது குரல்வளைல பட்டா சட்டுனு இறுக்கிக்கும், காத்தே உள்ள போகாது. ஆக்சிஜன் மாஸ்க்கு, மயக்கத்த கூட்டறதுன்னு பாத்தும் விடலன்னா அடுத்து மயக்க டாக்டர் கை ஸ்கோலினுக்கு தான் போகும், பல இடத்துல அதுக்குன்னே ட்ரேல எடுத்து வச்சிருப்பாங்க. அந்த நேரத்துல ஃபைல் பாக்க யாருக்கு நேரம் இருக்கும்? "யாருங்க மயக்க டாக்டர், முன்னாடியே ஒரு தடவை பேச முடியுமா"ன்னு கேட்டேன், "வெளிலருந்து வருவாங்க, அன்னைக்கு பாத்துக்கலாம்"னாங்க. வென்டிலேட்டர் கேட்டேன், ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குன்னாங்க. பெரிய ஆஸ்பத்திரியோட டை-அப் ஏதாவது இருக்கான்னு கேட்டதுக்கு கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு, இந்த மாசம் முடியறதுக்குள்ள அட்வான்ஸ் கட்டினா டிஸ்கவுன்ட் இருக்குன்னு சொல்லுச்சு. 2016ல சென்னைல முடி நடற சென்டர்ல ஒரு மெடிக்கல் ஸ்டூடன்ட் மயக்க மருந்துக்கு அப்புறம் மோசமாகி இறந்து போனது ஞாபகம் இருக்கும். அது வேற காரணம், என் குறைபாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா "சின்ன ப்ரொசீஜர் தான்"ங்கிற வார்த்தைய கேட்டாலே எனக்கு அந்த பையன் தான் ஞாபகம் வர்றான்.

ரெண்டாவது இடம் அப்படியே தலைகீழ். டோக்கன் போட்டு பாதி நாள் உக்காரணும், சேர் பத்தாது, சர்ஜன் பேசினது கொஞ்ச நேரம் தான், கம்ப்யூட்டர்ல மூக்கு காட்டறதெல்லாம் கிடையாது. "மேடு எடுத்தா நுனி கொஞ்சம் இறங்கின மாதிரி தெரியும், நுனிக்கும் வேலை செய்யணும், வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம் ஆகும், சிலருக்கு ரெண்டாவது தடவையும் பண்ண வேண்டி வரும்"னு நேரா சொல்லிட்டாங்க. ரிப்போர்ட்ட பாத்ததும் "முதல்ல அனஸ்தீஷியா பாத்துட்டு வாங்க, அவங்க சரின்னா தான் நான்"னு பி.ஏ.சி. ஓ.பி.க்கு அனுப்பிட்டாங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டர் பாக்கிற இடம் அது.

அந்த பி.ஏ.சி.க்காகவே இந்த ரிவ்யூ எழுதலாம். வயசான மேடம் ஒருத்தங்க, ரிப்போர்ட்ட முழுசா படிச்சாங்க. பழைய ரிப்போர்ட் மட்டும் போதாது, மறுபடி ஒரு தடவை பாக்கலாம், லிவர் பிரச்சனை, கர்ப்பம், பூச்சி மருந்து பட்டது இதுனாலயும் அளவு இறங்கும், அதெல்லாம் இல்லன்னு உறுதி பண்ணிக்கலாம்னாங்க. வெளிநாட்டு வெப்சைட்டெல்லாம் டிபுகெய்ன் நம்பர்ங்கிற டெஸ்ட பாருன்னு சொல்லுதேன்னு கேட்டேன். அது என்சைம் இருந்து குணம் மாறியிருக்கிறவங்கள கண்டுபிடிக்க, உங்க ஆளுங்களுக்கு என்சைமே இல்லாத வகை, அளவு பாத்தாலே தெரிஞ்சிடும்னு பொறுமையா விளக்குனாங்க. ஸ்கோலினுக்கு பதிலா ரோகுரோனியம், அத எடுத்து விடறதுக்கு சுகமடெக்ஸ், விலை கூட தான் ஆனா கையில ஸ்டாக் இருக்கணும்னு எழுதினாங்க. அப்புறம் என் கைய புடிச்சு மணிக்கட்டுல சுண்டு விரல் பக்கமா ரெண்டு இடத்த தொட்டு காட்டி, "இங்க ஸ்டிக்கர் ஒட்டுவோம், லேசா கரன்ட் விடுவோம், கட்டை விரல் நாலு தடவ துடிக்கும், நாலும் ஒரே பலத்துல துடிக்கிற வரைக்கும் ட்யூப்ப எடுக்க மாட்டோம்"னாங்க. அத கேட்டப்புறம் தான் எனக்கு பயம் குறைஞ்சுது. ஃபைல் அட்டை மேல சிவப்பு மைல பெருசா "ஸ்கோலின் கூடாது, மைவாக்யூரியம் கூடாது"ன்னு எழுதி கையெழுத்து போட்டாங்க. மைவாக்யூரியமும் தசைய தளர்த்தற மருந்து தான், அதையும் இதே என்சைம் தான் உடைக்குது.

டெஸ்ட் எங்க எடுக்கறதுன்னு கேக்கறவங்களுக்கு, இது நம்ம ஊர்ல கஷ்டமே இல்ல. பூச்சி மருந்து குடிச்சு வர்ற கேஸுக்கு பாக்கிற அதே சீரம் கோலினெஸ்டரேஸ் தான். பெரிய லேப் எல்லாத்துலயும் இருக்கு, ரூபா நூறுகள்ல தான் ஆகும். அதனாலயே ரத்தம் எடுத்த தம்பி என்னை ஒரு மாதிரி பாத்துட்டு மெதுவா "அக்கா, ஏதாச்சும் மருந்து...?"ன்னு இழுத்தான், விஷயத்த சொன்னதும் அவனே நோட்ல எழுதிக்கிட்டான். லேபுக்கு லேப் நார்மல் அளவு மாறும், அதனால நம்பர விட பக்கத்துல போட்டிருக்கிற ரேஞ்ச பாருங்க. ஜீன் டெஸ்ட் தனியா வேணும்னா எடுக்கலாம், ஆனா ஆபரேஷனுக்கு இந்த அளவு தெரிஞ்சாலே டாக்டருக்கு போதும். ரிப்போர்ட் வந்தா ஃபோன்ல மட்டும் வச்சுக்காதீங்க, பர்ஸ்ல ஒரு கார்டா போட்டு வைங்க.

வீட்ல அம்மாவுக்கு இன்னும் மனசில்ல. "அழகுக்காக உசுர பணயம் வைக்கணுமா கண்ணு, சாமி கொடுத்த மூக்கு"ங்கிறாங்க. அவங்க பயம் நியாயம் தான், பெரியப்பாவுக்காக அந்த வராண்டால உக்காந்திருந்ததுல அவங்களும் ஒருத்தர். நான் அவங்களுக்கு சொல்றது ஒண்ணு தான். ராத்திரி ஆக்ஸிடென்ட்ல அடிபட்டு தெரியாத ஊர்ல கொண்டு போய் போட்டா, அவசர சிசேரியன்னு ஓடினா, அங்க கேக்க யாருக்கும் நேரம் இருக்காது, ஸ்கோலின் போட வாய்ப்பு அதிகமே அங்க தான். மூக்கு ஆபரேஷனுக்கு அவசரமே இல்ல, நானே இடத்த பாத்து, டாக்டர பாத்து, மருந்து என்னன்னு கேட்டு, பிடிக்கலன்னா எழுந்து வரலாம். இந்த குறைபாட்டுல ஆபத்து ஒரு சில மருந்துல தான் இருக்கு, அத தொடாத வரைக்கும் மத்தவங்களுக்கு இருக்கிற ரிஸ்க் தான் எனக்கும்.

ஆனா இத படிச்சுட்டு வேற ஜீன் பிரச்சனை இருக்கிறவங்க "அவங்க பண்றாங்க நாமளும் பண்ணலாம்"னு கிளம்பிடாதீங்க ப்ளீஸ். எலர்ஸ் டான்லோஸ் இருந்தா தோலும் திசுவுமே பலவீனம், தையல் நிக்காம தழும்பு அகலமாகும், சிலருக்கு லோக்கலே சரியா பிடிக்காது. வான் வில்லிபிரான்ட், ஹீமோஃபீலியா இருந்தா ரத்தம் நிக்கறது தான் கேள்வி, ரத்த டாக்டர் இல்லாம கத்தியே வைக்க கூடாது. மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா, அதாவது சில மயக்க மருந்து பட்டா உடம்பு சூடு ஆபத்தா ஏறிடறது, அது இருக்கிற குடும்பத்துல ஸ்கோலின் மட்டும் இல்ல, மயக்க வாயுவும் ஆகாது, அத கட்டுப்படுத்தற டான்ட்ரோலின் மருந்து கையில இருக்கற இடமா பாக்கணும். அவங்க கணக்கெல்லாம் வேற.

முதல் இடத்துக்கு அஞ்சுக்கு ஒண்ணு, அதுவும் சர்ஜனோட கைக்காக. ரெண்டாவதுக்கு நாலு, ஒண்ணு குறைச்சது காத்திருக்க வச்சதுக்கும் பில் கவுன்ட்டர்ல ஒவ்வொரு தடவையும் வேற தொகை சொன்னதுக்கும். ரெண்டாவது இடத்துல தான் பண்ணிக்க போறேன். தை பிறந்தப்புறம் தேதி வாங்கணும், அதுக்குள்ள தம்பிக்கும் டெஸ்ட் எடுத்துடணும், அவன் பைக்ல தான் எந்நேரமும் சுத்தறான். அங்க போறவங்க எட்டு மணிக்கு முன்னாடி டோக்கன் போடுங்க, பி.ஏ.சி. மதியத்துக்கு மேல கிடையாது, வரும்போது மயக்க டாக்டர் எழுதின பி.ஏ.சி. பேப்பர ஒரு காப்பி கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க, கேட்டா தான் கொடுப்பாங்க.