குமாசியில் ‘பழைய பொன்தூள் சிமிழ்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கானாவுக்கு வேலையாகவோ ஊர் சுற்றவோ போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள். கானா நாட்டு நகரமான குமாசியில் 2,400 செடி (கானா நாட்டுப் பணம்) கொடுத்து நான் ஏமாந்த கதை இது.

கடைப் பெயர் வேண்டாம். கடைக்காரர் வாய்ஜாலக்காரர். மற்ற சாமான்களோடு அடுக்கி வைக்காமல், உள்ளறையிலிருந்து துணியில் சுற்றி எடுத்து வந்தார். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் சதுரப் பித்தளைச் சிமிழ், மேலே கோடுகளும் சுழிகளும், இடுக்கெல்லாம் பச்சைக் களிம்பு. “இருநூறு வருஷத்துக் குடுவோ, எங்கள் தாத்தா வைத்திருந்தது” என்றார். குடுவோ என்பது அந்தச் சிமிழுக்கு அவர் சொன்ன பெயர். மூடியைத் திறந்தால் அடியில் மினுமினுவென்று மஞ்சள் தூள். “அந்தக் காலத்துத் தங்கம், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது!” அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

குமாசியைத் தலைநகராகக் கொண்ட அசாந்தே நாட்டில் ஒரு காலத்தில் பொன் தூள்தான் பணம். வியாபாரத்துக்குப் போகிறவர்கள் தராசு, கரண்டி, பித்தளை எடைக்கற்கள், சிமிழ் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி எடுத்துப் போவார்கள். 1889-இல் கோல்டு கோஸ்ட் காலனியில் (இன்றைய கானாவின் தென்பகுதி) பிரிட்டிஷ்காரர்கள் அதைச் செல்லாத பணமாக்கினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அரைகுறையாகத் தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

விடுதி அறைக்கு வந்து ஈரத்துணியால் லேசாகத் துடைத்தேன். களிம்பு துணியோடு வந்துவிட்டது. நாள்பட்ட களிம்பு உலோகத்தைக் கவ்விக்கொண்டிருக்கும், ஈரத்துணிக்கெல்லாம் அசையாது. ‘தங்கம்’ நகத்தால் சுரண்டியதும் பிசினோடு உரிந்தது. அப்புறம்தான் மூடியைக் கவனித்தேன், லொடலொடவென்று ஆடியது. சந்தேகம் தீரட்டும் என்று தூள் உப்பைப் போட்டு மூடிக் கவிழ்த்தேன். நாலு பக்கமும் கொட்டியது. உள்ளே இருப்பது காசு சார், ஒரு சிட்டிகை சிந்தினாலும் நஷ்டம். அதற்காகத்தான் அந்தச் சிமிழ்களுக்கு மூடி கச்சிதமாக உட்காரும்படி செய்தார்கள். கடையிலேயே மூடியை ஆட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பெயரே தப்பு என்பதும் பிறகுதான் உறைத்தது. குடுவோ என்பது அளவில் பெரிய வார்ப்புப் பாத்திரம். பொன்னும் விலையுயர்ந்த பொருள்களும் வைப்பார்கள், சடங்குகளுக்கும் எடுப்பார்கள். பொன் தூளுக்கான சின்னச் சிமிழ் அபம்புருவா. தகட்டில் தட்டிச் செய்வது ஃபொரோவா, அதில் ஷியா வெண்ணெய் (ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) வைப்பது வழக்கம். இந்த மூன்றையும் குழப்புகிற ஆள் தாத்தா கதை சொன்னால் நம்பாதீர்கள்.

மறுநாள் போய்க் கேட்டேன். “பழசு என்று எழுதியா கொடுத்தேன்?” என்று சிரித்தார். ரசீதில் ‘பித்தளைப் பெட்டி 1’ என்றுதான் இருந்தது. “பேப்பர் எதுவும் வேண்டாம், அப்படியே பயணப் பெட்டிக்குள் போட்டுக்கொள்ளுங்கள்” என்று முதல் நாள் அவர் சொன்னதும் அப்போதுதான் புரிந்தது. நிஜமான பழம்பொருளைக் கானாவிலிருந்து வெளியே கொண்டுவர அந்நாட்டு அருங்காட்சியக வாரியத்தின் அனுமதி வேண்டும். பேப்பர் வேண்டாம் என்றால் ஒன்று பொருள் புதுசு, அல்லது உங்களைக் கடத்தல்காரனாக்கப் பார்க்கிறார்.

அழகுக்காகத்தான் வேண்டும் என்றால் குமாசிக்குப் பக்கத்தில் குரோஃபோஃபுரோம் போங்கள். பழைய பித்தளைச் சாமான்களை உருக்கி, மெழுகு வார்ப்பில் கண்ணெதிரே செய்கிறார்கள். புதுசைப் புதுசு என்றே விற்கிறார்கள்.

என் சிமிழில் இப்போது வீட்டுக்காரம்மா சேஃப்டி பின் போட்டு வைத்திருக்கிறாள். தூளாக எதையும் போட முடியாதே.