பழைய மடிக்கணினிக்குப் புது வைஃபை அட்டை

என் 2017 மடிக்கணினியின் வைஃபை அட்டைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். வீட்டுக்கு 200 எம்பிபிஎஸ் இணைப்பு வந்த பிறகும் வேகம் 40-ஐத் தாண்டவில்லை. ரவுட்டரின் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெயர் வைஃபை பட்டியலில் தலைகாட்டவே இல்லை. இரண்டு அலைவரிசையும் தெரிந்த இன்டெல் ஏஎக்ஸ்200 அட்டையை வாங்கி நானே மாட்டினேன். ஆன்டெனா கம்பிகளைப் பொருத்துவதற்குள் பொறுமை போய்விட்டது; கடுகளவு முனை, கண்ணாடி போட்டும் மூன்று முறை நழுவியது. இப்போது 190 வருகிறது. ஊரில் அப்பா வைத்திருக்கும் பழைய 2.4 ரவுட்டரோடும் முரண்டு பிடிக்காமல் சேர்ந்துகொண்டது, அதே பழைய வேகத்தில்தான். விலை குறைவு என்று ஏஎக்ஸ்201-ஐ மட்டும் வாங்கிவிடாதீர்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் அது குறிப்பிட்ட இன்டெல் செயலிகளோடு (பிராசசர்) மட்டுமே வேலை செய்யும். என் மடிக்கணினியில் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் செயலி.