கணினியில் வாட்ஸ்அப்பா, டெலிகிராமா?
அனுப்பிய செய்தியைத் திருத்தும் வசதி வாட்ஸ்அப்புக்கு 2023-இல்தான் வந்தது, அதுவும் 15 நிமிடம் தாண்டினால் போச்சு. டெலிகிராமில் 48 மணி நேரம் வரை நிதானமாகத் திருத்தலாம். மேல் அம்புக்குறியைத் தட்டினால் கடைசியாக அனுப்பியது அப்படியே திருத்தத் திறக்கும், மவுஸைத் தொடவே வேண்டாம், நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

வாட்ஸ்அப், ஃபோன் அணைந்திருந்தாலும் கணினியில் ஓடும். ஆனால் 14 நாள் ஃபோனில் திறக்காமல் விட்டால் இணைப்பு கழன்றுவிடும். டெலிகிராம் ஃபோனை நம்பி இருப்பதில்லை.

சரி, அந்தரங்கம் என்று வந்தால் கதையே வேறு: வாட்ஸ்அப்பில் நண்பர்களோடு பேசுவதெல்லாம் தானாகவே முனைக்கு முனை மறையாக்கம் (பேசுகிறவர்களைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது), டெலிகிராமிலோ அரட்டையில் அது ரகசிய அரட்டைக்கு மட்டும்தான், அந்த ரகசிய அரட்டையும் விண்டோஸ் செயலியில் கிடையாது. பெரிய குழுக்களுக்கு டெலிகிராம் போதும். சொந்த விஷயத்தை நான் அதில் பேச மாட்டேன்.